6 மில்லி தகடு போட்டால் புகையடுப்பு ஆகிவிடுமா?

8 ஜூன் 2024, கேள்வி

அண்ணே, நான் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பட்டறையில் நான்கு வருஷமாகக் கேட், ஜன்னல் கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு செய்கிறேன். ப்ராய், அதாவது தணலில் கறி சுடுவது, இல்லாத வீடு இங்கே இல்லை. அதில் பாதிப்பேருக்கு இப்போது ஸ்மோக்கர், அதாவது புகையில் மெதுவாகக் கறியை வேகவைக்கும் அடுப்பின் மேல் ஆசை வந்திருக்கிறது. படங்களைப் பார்த்தால் ஒரு குழாய், பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டி, ஒரு புகைபோக்கி, அவ்வளவுதான். 6 மில்லி தகடு போட்டால் யார் செய்தாலும் நன்றாகத்தான் வேலை செய்யும், மற்றதெல்லாம் அலங்காரம் என்பது என் கணக்கு. செப்டம்பர் 24 ஹெரிடேஜ் டே விடுமுறைக்கு முன்னால் பத்து அடுப்பு செய்து விற்கலாம் என்று இருக்கிறேன். சரியா, தப்பா?

8 ஜூன், இரவு

தப்பு தம்பி. தடித்த தகடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து மூடினால் சூடு சட்டென்று இறங்காது, வெளியே காற்றடித்தாலும் அலையாது. தடிமன் அதற்காக. இறைச்சி என்ன வாசனையோடு வெளியே வரும் என்பதை முடிவு செய்வது இழுவை. காற்று நெருப்புப்பெட்டிக்குள் நுழைந்து, தீயைத் தாண்டி, கறி வைக்கும் குழாய் அறைக்குள் ஓடி, புகைபோக்கி வழியே ஏறிப் போகிற ஓட்டம் அது. வீட்டில் விறகடுப்பில் சமைத்த பாட்டி யாராவது இருந்தால் கேளுங்கள். இழுவை உள்ள அடுப்பு ஊதுகுழலைத் தேடாது. இழுவை இல்லாத அடுப்பில் எவ்வளவு ஊதினாலும் கண்தான் எரியும்.

நான் திருச்சி துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் பதினான்கு வருஷம் இருந்தவன். அப்புறம் டர்பன் தெற்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பராமரிப்பு வேலை. 2022-இல் அந்த வேலை ஓய்ந்தபோது, வார இறுதியில் மட்டும் செய்துகொண்டிருந்த புகையடுப்பு முழுநேரத் தொழிலாகிவிட்டது. 2019 முதல் இன்றுவரை 61 அடுப்பு கொடுத்திருக்கிறேன். பத்து அடுப்பை மூன்று மாதத்தில் வெட்டி ஒட்டுவது பெரிய காரியமில்லை. பத்திலும் ஒரே தப்பு இருந்தால் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலில் ஒன்று செய்யுங்கள். அதில் நீங்களே நாலு தடவை சமையுங்கள். அப்புறம் இரண்டாவதைத் தொடங்குங்கள்.

9 ஜூன்

அளவு கேட்டிருந்தீர்கள். நான் அதிகம் செய்வது 500 மில்லி விட்டம், 1200 மில்லி நீளக் குழாய். உள்ளே சுமார் 235 லிட்டர் இடம். நெருப்புப்பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும், அதாவது 78 லிட்டர். சதுரப் பெட்டியாக அடித்தால் பக்கத்துக்கு 43 சென்டிமீட்டர். இதைவிடச் சின்னதாக வைத்தால் விறகு நெருங்கி, மூச்சுத் திணறிப் புகையும். தீயைச் சின்னதாக, சுத்தமாக எரியவிட இடம் வேண்டும்.

நெருப்புப்பெட்டியிலிருந்து அறைக்குப் போகும் திறப்பின் பரப்பு, புகைபோக்கியின் வாய்ப்பரப்பைவிடக் குறையவே கூடாது. நான் ஒன்றரை மடங்கு விடுகிறேன். புகைபோக்கி 125 மில்லி விட்டம், 900 மில்லி உயரம். விறகு வைக்கும் கம்பித்தட்டு பெட்டியின் தரையிலிருந்து 75 மில்லியாவது உயர்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் சாம்பல் காற்றை அடைத்துவிடும்.

எடையையும் யோசியுங்கள். 6 மில்லி தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ. இந்த அடுப்பு, கால், கம்பித்தட்டு, புகைபோக்கி எதுவும் சேர்க்காமலே 160 கிலோ வரும். தூக்க ஆள் இருக்கிறதா?

9 ஜூன், மறுபடியும்

மேலே சொன்ன 43 சென்டிமீட்டர் உள் அளவு. வெட்டும்போது தகட்டின் தடிமனைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு யாராவது வெட்டிவிடப் போகிறார்கள்.

15 ஜூன்

மூடியை, அதாவது குழாயின் கதவை, வெட்டுவதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புதிதாகச் செய்கிறவர்கள் குழாயைக் கெடுப்பது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

தகட்டை உருட்டிக் குழாயாக்கும்போது அதற்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. வளைத்த மூங்கிலை நாணில் கட்டி வைத்தது போல. நீங்கள் கதவுக்காக நாலு பக்கமும் வெட்டி எடுத்த நிமிஷம் அந்த நாண் அறுந்துவிடும். கதவுத் துண்டு ஒரு வளைவுக்குப் போகும், குழாய் இன்னொரு வளைவுக்குப் போகும். திரும்ப வைத்தால் ஒரு மூலை எட்டு மில்லி எழும்பி நிற்கும். சுத்தியலால் தட்டி, ஜாக்கி வைத்து நெம்பி, என்ன செய்தாலும் பழையபடி உட்காராது.

நான் செய்வது இது. கதவின் கோட்டைச் சாக்பீஸால் போட்டுவிட்டு, இரண்டு ஓரங்களையும் அடிக்கோட்டையும் கிரைண்டரில் 1 மில்லி டிஸ்க்கால் வெட்டுவேன். அதிலும் மூலைகளில் ஒரு விரற்கடை விட்டுவிடுவேன். கீல் வரும் மேல்கோட்டைத் தொடவே மாட்டேன். அந்த நிலையிலேயே கீல்களை வைத்து முழுசாக வெல்டிங் செய்துவிடுவேன். அடுத்து, கதவின் மேல் மூன்று பக்கமும் 30 மில்லி பட்டைக் கம்பியை வளைத்து ஒட்டுவேன். பாதி கதவில் இருக்கும், பாதி இடைவெளியை மூடிக்கொண்டு குழாயின் மேல் படியும். இந்தப் பட்டை இரண்டு வேலை செய்கிறது. கதவின் வளைவைப் பிடித்து வைக்கிறது, புகை ஒழுகாமல் தடுக்கிறது. பட்டை ஆறிய பிறகுதான் மேல்கோட்டை வெட்டுவது. கடைசியாக மூலையில் விட்ட துண்டுகள். கடைசித் துண்டு அறும்போது டங்கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் சின்னதாக இருந்தால் கதவு பொருந்திவிட்டது என்று பார்க்காமலே சொல்லலாம்.

பட்டையை ஒரே ஓட்டமாக வெல்டிங் செய்யாதீர்கள். இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று மாறி மாறிப் போங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் போட்டாலும் நல்லதுதான்.

16 ஜூன்

பழைய காஸ் சிலிண்டரை வெட்டலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். முதலில் அது பெரும்பாலும் காஸ் கம்பெனியின் சொத்து, உங்களுடையது இல்லை. இரண்டாவது, வால்வைத் திறந்து ஒரு வாரம் வெயிலில் போட்டாலும் உள்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு காஸ் ஒட்டியிருக்கும். கிரைண்டர் பொறி ஒன்று போதும். வால்வைக் கழற்றி, முழுக்கத் தண்ணீர் நிரப்பி வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். விற்பனைக்கு அடுப்பு செய்கிறவர் அந்த வழியில் இறங்கக் கூடாது. குழாய் வாங்குங்கள்.

அதே போல நாகம், அதாவது துத்தநாகம், பூசிய குழாய், நாகம் பூசிய கம்பிவலை எதுவும் அடுப்பில் வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், வெல்டிங் சூடு அதைவிடப் பலமடங்கு. 2021-இல் அவசரத்துக்கு ஒரு காலை நாகக் குழாயில் ஒட்டினேன், சன்னல் மூடியிருந்தது. அன்றிரவு பத்து மணிக்குக் குளிர் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. வாயில் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி. மறுநாள் மாலை தானாகத் தெளிந்தது. பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். நானும் ஒரு லிட்டர் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. காற்றோட்டமும் முகமூடியும்தான் உதவும்.

29 ஜூன்

இழுவை என்று சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. என் மூன்றாவது அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

2019 கடைசி. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் மகளுக்கு 21-வது பிறந்தநாள். இங்கே அது கல்யாணத்துக்கு அடுத்த பெரிய விசேஷம். பன்னிரண்டு கோழி வைக்க அடுப்பு கேட்டார்கள். நான் 6 மில்லியில் தேர் மாதிரி செய்து கொடுத்தேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று புகைபோக்கியை 400 மில்லியில் நிறுத்தி, மேலே ஒரு தொப்பி வைத்தேன். அந்தத் தொப்பிக்கும் வாய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான்.

விசேஷத்தன்று காலை பத்து மணிக்குப் போன். போய்ப் பார்த்தால் தொப்பியின் அடியிலிருந்து பால் வெள்ளையில் புகை தள்ளாடித் தள்ளாடி வருகிறது. கதவைத் திறந்தால் கோழிகள் தார் பூசின மாதிரி கறுத்துப் பளபளக்கின்றன. தோலைக் கொஞ்சம் பிய்த்து நாக்கில் வைத்தேன். நாக்கு மரத்துவிட்டது. தீ மூச்சில்லாமல் குமைந்து, அதன் பிசின் எல்லாம் கோழியின் மேல் இறங்கியிருக்கிறது. அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லை தம்பி, குழம்பு நிறைய இருக்கு" என்றார். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து அடுப்பை எடுத்து வந்தேன். தொப்பியை அறுத்து எறிந்தேன். புகைபோக்கியை 900 ஆக்கினேன். மேல் கூரையில் இருந்த அதன் வாயை இறைச்சித் தட்டின் மட்டத்துக்கு இறக்கினேன். அதே விறகு, அதே நெருப்புப்பெட்டி. புகை கண்ணுக்குத் தெரிவதே சிரமமாக, இளநீலமாக, நேராக ஏறியது. அன்றிலிருந்து ஒரு இரவு முழுக்க எரித்துப் பார்க்காத அடுப்பு என் கேட்டைத் தாண்டுவதில்லை.

30 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். புகைபோக்கியின் வாய் தட்டு மட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது போலப் படுகிறது. அப்படி இல்லை. மேலே வைத்தும், வாயைப் பெரிதாக விட்டு நன்றாகச் செய்கிறவர்கள் உண்டு. என் அளவில், என் குழாயில், சூடான புகை கூரையோடு ஓடி நேரே வெளியேறிக்கொண்டிருந்தது. கீழே இறக்கியதும் இறைச்சியைச் சுற்றிவிட்டுப் போக ஆரம்பித்தது. நீளத்தை மாற்றியதா, வாயை இறக்கியதா, எது அதிகம் உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினேன்.

12 ஜூலை

விறகு. இதைப் பற்றி இரவெல்லாம் பேசுவேன்.

இங்கே ப்ராய் விறகாக மூட்டை மூட்டையாக விற்கும் செகல்போஸ் என்ன மரம் தெரியுமா? நம் விடத்தலை. திருச்சிப் பக்கம் கரட்டுக் காட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் வேலிக்கு வெட்டிப் போடுவார்களே, ஒரே பூங்கொத்தில் பாதி ஊதா, பாதி மஞ்சள், அதுவேதான். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் தானாக வளர்கிற மரம். முதல் தடவை மூட்டையைப் பிரித்தபோது பட்டையைப் பார்த்துச் சந்தேகம். முள் குத்தியதும் தெரிந்துவிட்டது, சொந்தக்காரன்தான். கெட்டியான மரம், தணல் நெடுநேரம் நிற்கும். அடித்தணலுக்கு இது, வாசனைக்கு வேறு என்று கலந்து எரிக்கிறேன்.

வாசனைக்கு நான் முதலில் தேடுவது கொய்யா. எங்கள் குவாஸுலு நடால் மாகாணத்தில் அது காடுமேடெல்லாம் தானாகப் பரவிவிட்டது, வெட்டினால் தோட்டக்காரர்கள் நன்றி சொல்வார்கள். கோழிக்கும் மீனுக்கும் அவ்வளவு இதம். லிச்சி கிளை கழிக்கும் பருவத்தில் கிடைத்தால் விடாதீர்கள். கேப் பக்கத்தில் ரோய்க்ரான்ஸ் எரிக்கிறார்கள். மணலைக் கட்டிப்போட ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டு, பிறகு அடங்காமல் பரவிய மரம். அதை எரிப்பதில் மண்ணுக்கும் லாபம். கமீல்டோரிங் அருமையான தணல் தரும், ஆனால் பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று சொல்லாத மூட்டையை நான் வாங்குவதில்லை.

இப்போது எச்சரிக்கை. சூலுலாந்துப் பக்கம் தம்போட்டி என்று ஒரு மரம் உண்டு. நாற்காலி மேசைக்கு அருமையான கட்டை, நல்ல மணம். அதன் தணலில் சமைத்துச் சாப்பிட்டால் வயிறு பிய்த்துக்கொண்டு போகும். சிதம்பரத்துத் தில்லை மரத்தின் குடும்பம் அது. தில்லைப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அரளியும் அப்படியே ஆகாது. விறகு இன்ன மரம் என்று அடையாளம் தெரியாவிட்டால் அடுப்பில் வைக்காதீர்கள். அடுப்பு வாங்குகிறவரிடமும் இதைச் சொல்லியே அனுப்புங்கள்.

விறகு நன்றாகக் காய்ந்திருப்பது முக்கியம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தீயின் சக்தியில் ஒரு பங்கு தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே போகும். டர்பன் கோடையில் விறகு காயாது, வியர்க்கும். இப்போது, ஜூன் ஜூலையில், மழை குறைந்த இந்த இரண்டு மாதத்தில் பிளந்து அடுக்கிவிடுங்கள். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் இன்னும் ஒரு மாதம் போகட்டும்.

13 ஜூலை

மாங்கட்டை ஆகுமா என்றால், ஆகும். வேப்பங்கட்டை வேண்டாம், கசக்கும்.

3 ஆகஸ்ட்

வாங்குகிறவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இங்கே நம்மவர்களில் பலர் மாட்டிறைச்சி தொட மாட்டார்கள். முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்குப் பன்றி ஆகாது, மற்றதும் ஹலாலாக இருக்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கேட்பவர்களுக்கோ பிரிஸ்கெட்தான் வேண்டும், அது மாட்டின் நெஞ்சுக்கறி. புது அடுப்பில் நான் எதைச் சமைத்துக் காட்டினாலும் யாரோ ஒருவருக்கு அந்த அடுப்பு தீட்டாகிவிடும்.

அதனால் இப்போது ரொட்டி வைக்கிறேன். கடையில் விற்கும் வெள்ளை ரொட்டித் துண்டுகளை இறைச்சித் தட்டு முழுக்கப் பாய் விரித்த மாதிரி அடுக்கி, சூட்டை நிலைநிறுத்திக் கதவை மூடுவேன். இருபது நிமிஷம் கழித்துத் திறந்தால் அடுப்பின் ஜாதகம் கண்முன்னே இருக்கும். நெருப்புப்பெட்டிப் பக்கம் இரண்டு வரிசை கருகியிருந்தால், திறப்புக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு சாய்வாக வேண்டும். பின்மூலை வெள்ளையாகவே இருந்தால் அங்கே புகை போகவில்லை. தடுப்பை ஒரு விரல் சாய்த்து, மறுபடி புது ரொட்டி. எல்லாம் ஒரே பொன்னிறமாக வரும்வரை ஒரு அடுப்புக்கு நாலு பாக்கெட் கூட ஆகியிருக்கிறது. கடைசி ரொட்டியைப் படமெடுத்து அடுப்போடு கொடுத்துவிடுகிறேன். அடுப்பின் உட்புறத்துக்குச் சமையல் எண்ணெய் தடவி எரிப்பதோடு சரி. எந்த வீட்டுக்கும் எந்தச் சங்கடமும் இல்லாமல் போகும்.

இன்னொன்று. ஹெரிடேஜ் டேக்குப் பத்து அடுப்பு என்றீர்களே தம்பி, செப்டம்பர் 24 புரட்டாசியில் வருகிறது. நாட்டுக்கே ப்ராய் நாள். டர்பன் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் அன்று கறி கிடையாது. நம்மவர்களுக்கு விற்க நினைத்தால் தீபாவளிக்குக் குறி வையுங்கள்.

24 ஆகஸ்ட்

விலை. தகட்டுக்கு ஆன காசை இரண்டால் பெருக்கி விலை வைப்பேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் வைத்தேன். அப்புறம் ஒரு அடுப்புக்கு நோட்டுப் போட்டு எழுதினேன். 46 மணி நேரம். கட்டிங் டிஸ்க் 11. வெல்டிங் ராடு இரண்டு பெட்டி. கீலுக்குக் கம்பி, சக்கரம், சூடு தாங்கும் பெயின்ட், கொண்டுபோய்ச் சேர்க்கும் டீசல், சோதனைக்கு எரித்த விறகு, ரொட்டி. 2023-இல் மின்வெட்டு ஆறாம் கட்டம் என்கிற கடுமையான அளவில் இருந்தபோது ஜெனரேட்டரும் சேர்ந்துகொண்டது. கூட்டிப் பார்த்தால், என்னோடு வேலை செய்யும் சூலு நண்பருக்குக் கூலி கொடுத்த பிறகு எனக்கு மணிக்கு நின்றது அவர் வாங்கியதில் பாதி. அவர்தான் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்கள் அடுப்பைத் தானம் செய்கிறீர்கள்" என்றார். உங்கள் மணி நேரத்தையும் எழுதுங்கள். முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இரும்பை வாங்கும்போது எடை போடுங்கள். ஒரு கடையில் 6 மில்லி என்று சொல்லி 5 மில்லி கொடுத்தார்கள். 2450க்கு 1225 தகடு 6 மில்லியில் 141 கிலோ இருக்க வேண்டும், 5 மில்லியில் 118 கிலோ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

25 ஆகஸ்ட்

இரவு தூக்கம் வராமல் பழையதெல்லாம் படித்தேன். 6 மில்லியையே பேசிக்கொண்டிருக்கிறேன், அதுவும் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு கோழி, கொஞ்சம் ஆட்டுக்கறி, மூன்று மணி நேரத்தில் சாப்பாடு என்கிற குடும்பத்துக்கு 160 கிலோ இரும்பு எதற்கு? அதைச் சூடேற்றவே ஒரு மணி நேர விறகு போகும். அவர்களுக்கு 210 லிட்டர் டிரம் அடுப்பு போதும். அடியில் கரிக்கூடை, மேலே தட்டு, கீழே காற்றுக்கு மூன்று துளை. உட்பூச்சு உள்ள டிரம்மாக இருந்தால் நன்றாக எரித்து, வெள்ளைத் தகடு தெரியும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ரசாயனம் வந்த டிரம்மைத் தொடவே கூடாது.

இந்த வருஷம் டிரம் அடுப்பு ஐந்து கொடுத்திருக்கிறேன். அந்த வீடுகளில் அடுப்பு வாராவாரம் எரிகிறது. பெரிய அடுப்பு வாங்கிய சில வீடுகளில் அதன் மேல் துணி காய்கிறது. கடையில் நின்று கேட்பவரிடம் "எத்தனை பேருக்கு, எத்தனை மணி நேரம், எந்தக் கறி" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் இப்போது அளவே எடுக்கிறேன்.

24 செப்டம்பர்

இன்று தெரு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டில் பூர்வோர்ஸ் என்கிற இறைச்சிக் குழல், எதிர் வீட்டில் ஆட்டு விலா. எங்கள் வீட்டில் சாம்பார் சாதம், அப்பளம். எதிர் வீட்டு அடுப்பு நான் செய்தது. புகை நேராக ஏறுகிறது, பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

6 அக்டோபர்

தம்பியின் முதல் அடுப்பு தயாராகி, ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மாமாவுக்குப் போயிருக்கிறது. இரண்டு புகார் வந்ததாம்.

ஒன்று, கறி 68 டிகிரிக்கு வந்து நாலு மணி நேரமாக நகரவில்லை, அடுப்பு பழுது. பழுதில்லை. கறியிலிருந்து ஈரம் மேலே வந்து ஆவியாகிறது. நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வது போல, அந்த ஆவி கறியைக் குளிரவைக்கிறது. அடுப்பு கொடுக்கும் சூடும் ஆவி எடுக்கும் சூடும் சமமாகி நின்றுவிடும். காத்திருக்கலாம், இல்லையென்றால் காகிதத்தில் சுற்றி ஈரத்தைத் தடுக்கலாம். விறகை அள்ளிப் போடுவது மட்டும் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி அடுப்போடு கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நள்ளிரவில் போன் வரும்.

இரண்டு, வெப்பமானி தப்பு, கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 94 காட்டுகிறது. தம்பி, அந்த வெப்பமானிதான் சரி. ஜோஹன்னஸ்பர்க் கடலிலிருந்து 1,750 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94-லேயே கொதிக்கும். உங்கள் ஊரில் 98 வரும். கடற்கரையில் இருக்கும் எனக்கு 100. மாமாவிடம் புது வெப்பமானி அனுப்புகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். பிரிஸ்கெட் செய்கிறவர்கள் உள்சூடு 93, 95 என்று எதிர்பார்ப்பார்கள். அந்த உயரத்தில் அதைத் துரத்திக்கொண்டு போனால் கறி வறண்டுவிடும். குச்சி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வெப்பமானியை மூடியின் உச்சியில் வைத்திருக்கிறீர்கள், படத்தில் பார்த்தேன். கறி இருப்பது கீழே. அங்கேயும் இங்கேயும் 25 டிகிரி வரை வித்தியாசம் பார்த்திருக்கிறேன். அடுத்ததில் தட்டு மட்டத்துக்கு இறக்குங்கள்.

20 அக்டோபர்

துரு. கடற்காற்றில் ஒரு வாரம் வெறும் இரும்பை விட்டால் மஞ்சள் பூசிக்கொள்ளும். சூடு தாங்கும் பெயின்ட் சமையல் அறைக்கு நிற்கும், நெருப்புப்பெட்டியில் எதுவும் நிற்காது, உரிந்து வரும். நான் பெட்டிக்குப் பெயின்ட் அடிப்பதையே விட்டுவிட்டேன். அடுப்பு சூடாக இருக்கும்போது ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிசாகத் தேய்க்கிறேன். தோசைக்கல் பழகுவது போலக் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். நாலைந்து தடவை சமைத்ததும் வாங்கியவரே ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட வேண்டும். கூடவே ஒரு சின்ன புட்டி கொடுத்து அனுப்புகிறேன்.

2 நவம்பர்

தீபாவளிக்கு ஏழு அடுப்பு போயிற்று, நாலு டிரம். இன்றைக்குக் கந்த சஷ்டி தொடங்கிவிட்டது, பட்டறையில் பாதிப்பேர் விரதம், நானும்.

ட்ரெய்லர் மேல் அடுப்பு கேட்கிறவர்களுக்கு: சாலையில் இழுத்துப் போகும் எதற்கும் பதிவும் எண்ணும் வேண்டும். நான் சேஸிஸ் செய்வதில்லை. பதிவு பெற்ற உற்பத்தியாளரிடம் ட்ரெய்லர் வாங்கி வரச் சொல்லி, அதன் தாங்கும் எடைக்குள் அடுப்பைக் கணக்குப் போடுகிறேன். பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் மொத்தம் 750 கிலோ. விறகையும் அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

14 டிசம்பர்

தம்பி தன் மூன்றாவது அடுப்பை பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், ஏற்றிக்கொண்டு இன்று விடியற்காலை டர்பனுக்கு வந்துவிட்டார். ஐந்து மணிக்குத் தீ மூட்டினோம். கதவின் பட்டை அச்சாகப் படிந்திருக்கிறது, ஒரு இடத்திலும் ஒழுகவில்லை. முதல் ரொட்டியில் இடப்பக்கம் மூன்று துண்டு கரி. தடுப்புத் தகட்டை அவர் நேராக ஒட்டியிருந்தார். வெட்டி எடுத்து, கீழ்நோக்கிச் சாய்த்து, மறுபடி அங்கங்கே புள்ளி வெல்டிங் போட்டோம். இரண்டாவது ரொட்டியில் ஒரு துண்டு. இன்னும் கொஞ்சம் சாய்த்தோம். மூன்றாவது ரொட்டியைத் திறந்தபோது அவர் பேசவே இல்லை, பேசாமல் படம் எடுத்தார். அப்புறம் இரண்டு பேரும் அந்த ரொட்டியில் வெண்ணெய் தடவி டீயோடு சாப்பிட்டோம். கொய்யாப் புகை வாசனை அதில் ஏறியிருந்தது.

மத்தியானம் வாங்குகிறவர் வந்தார். தகடு எத்தனை மில்லி என்று கேட்டார். தம்பி அதற்குப் பதில் சொல்லாமல், புகைபோக்கியைக் காட்டி, "கொஞ்ச நேரம் அந்தப் புகையைப் பாருங்கள்" என்றார்.

நாளை மறுநாள் விடுமுறை, இரும்புக் கடைகள் மூடினால் இனி ஜனவரியில்தான். 6 மில்லியில் இரண்டு தகடு எடுத்து வைத்திருக்கிறேன், எடை போட்டாயிற்று. ஒன்று தம்பிக்கு.